யார் கை, எந்த வழி: மருத்துவமனைக்கு வெளியே சுகப்பிரசவம்

குத்தம்பாக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு மருத்துவமனை வந்துவிடும். மேற்கே தண்டலத்தில் சவீதா, கிழக்கே நசரத்பேட்டை அருகே பனிமலர், பூந்தமல்லியில் அரசு மருத்துவமனை, அதைத் தாண்டினால் வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., போரூரில் ராமச்சந்திரா. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு பெண் "ஆஸ்பத்திரி வேணாம், மருத்துவச்சிய வச்சுப் பாத்துக்கறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் கிடைப்பது திட்டுதான். திட்டுகிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அவளிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

அவளுடையதை முதலில் பார்ப்போம். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8, அரசு நிலையங்களில் 36. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் மொத்தமே 34.1 சதவீதம்தான் இருந்தது. சில ஆண்டுகளில் இடுப்பெலும்பு சுருங்கிவிடவில்லை. தெருவில் நாலு வீட்டுக்கு இரண்டு வீட்டில் வயிற்றில் தையலோடு ஒரு பெண் இருக்கும்போது, அடுத்தவள் வேறு வழி தேடுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது. அவள் கேட்பதும் பெரிய விஷயமில்லை. வலி எடுத்தால் நடக்க வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், யாரும் அதட்டக் கூடாது, தேவையில்லாமல் கத்தரி போடக் கூடாது, நேரமாகிறது என்பதற்காக ட்ரிப்ஸில் வலி ஊசி ஏற்றக் கூடாது.

இனி திட்டுகிறவர்களின் நியாயம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் பிரசவம் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடந்திருக்கிறது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறப்பு என்று 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. பாட்டி காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் பிரசவத்தில் போய்விட்ட ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருந்தார்கள். இன்று அந்தப் பேச்சே எழாமல் இருப்பதற்கு நாட்டு மருந்து காரணமில்லை.

இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால், வீடா ஆஸ்பத்திரியா என்று கேட்பதே தவறான இடத்தில் தொடங்குவது. யார் கையில் பிரசவம், சிக்கல் வந்தால் எந்த வழியில் எவ்வளவு நேரத்தில் அடுத்த இடத்துக்குப் போவது என்று கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மருத்துவமனைக்கு வெளியே என்பது யோசிக்கக்கூடிய விஷயம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் இல்லை.

தானே பார்ப்பது வேறு, மருத்துவச்சி பார்ப்பது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் தமிழ்நாட்டில் பாதி விபரீதம் நடக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு ஆசிரியைக்கு யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது, தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கைதானார். 2024 நவம்பரில் நமக்குப் பக்கத்திலேயே, குன்றத்தூர் வட்டாரத்தில், கணவரே பிரசவம் பார்த்து, கேட்டால் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார். அங்கே தாயும் சேயும் நலம். அதனால் அந்தக் குழுவுக்கு ஆதரவு கூடியிருக்கும். பெரும்பாலான பிரசவங்கள் யார் உதவியும் இல்லாமலே நல்லபடி முடியக்கூடியவைதான். முடியாமல் போகும் அந்தச் சிலவற்றை முன்கூட்டி அடையாளம் காட்ட எந்தக் குழுவாலும் முடியாது.

மருத்துவச்சி என்றால் இங்கே நான் சொல்வது படித்து, பதிவு செய்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, ரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கத் தெரிந்தவரை. சென்னை இதில் பின்தங்கிய ஊரில்லை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-ல் தொடங்கியது. 1854-லேயே அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. 1926-ல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் மதராஸில் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் குழுமத்தில் பதிவு செய்தவருக்கு ஒரு எண் இருக்கும். ஆர்.என்.ஆர்.எம். என்று சொல்வார்களே, அதன் பின்பாதி மருத்துவச்சிக்கானது.

கிராமத்து மருத்துவச்சிப் பாட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தார்கள். சாதியைச் சொல்லி வாசலில் நிற்க வைத்துவிட்டு, பிரசவ அறைக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்கள் கையில் நிஜமான திறமை இருந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்தே குழந்தையின் கிடையைச் சொல்வார்கள், பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கருப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால் அவர்களிடம் ஊசியும் இல்லை, வண்டியும் இல்லை. அவர்களைக் கோவிலில் வைக்கிறவர்களும் சரி, அழுக்குக் கை என்று பழித்தவர்களும் சரி, இந்த உண்மையைச் சொல்வதில்லை.

பக்கத்தில் என்ன இருக்கிறது

இந்தியாவில் மருத்துவச்சி பொறுப்பில் நடக்கும் தனிப் பிரசவ இல்லங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கொச்சியில் பிரியங்கா இடிகுளா தொடங்கிய பர்த்வில்லேஜ், ஹைதராபாத்தில் விஜயா கிருஷ்ணன் தொடங்கிய சேங்க்டம் இரண்டும் பேர் வாங்கியவை. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011 முதலே மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி கொடுக்கிறது. தெலங்கானா அரசு அதனுடன் சேர்ந்துதான் தன் மருத்துவச்சிகளை உருவாக்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியருக்கு மேலும் 18 மாதப் பயிற்சி, சுகப்பிரசவத்தை முழுப் பொறுப்பில் நடத்தும் அதிகாரம், மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சி பொறுப்பிலான தனிப் பிரிவு என்று அது சொல்கிறது. மருத்துவமனைக்குள்ளேயே என்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பிரசவத்துக்கு இந்தத் திட்டம் கை கொடுக்காது.

ஆறாம் மாதம் கொச்சிக்குக் குடிபெயர நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? முடிந்தவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம், நீங்கள் எதிர்பார்க்காதது: ஆரம்ப சுகாதார நிலையம்.

சிரிக்க வேண்டாம். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகப்பிரசவத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செவிலியர்கள்தான். மூன்று செவிலியர்கள் முறை வைத்து இரவும் பகலும் இருப்பது என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் அவசரம் இருக்காது, பல இடங்களில் தியேட்டரே இருக்காது. மருத்துவமனை இல்லாத, மருத்துவச்சி பார்க்கும், இயல்பான பிரசவம் என்று நகரத்தில் பெரும் பணம் கொடுத்துத் தேடுகிறார்களே, அதன் ஏழை வீட்டு வடிவம் நேமம் மாதிரி ஒரு சுகாதார நிலையத்தில் இலவசமாக இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. திரை இல்லாத அறை, ஒருவர் அதட்டினால் கேட்க ஆளில்லாத இரவு, தண்ணீர் வராத குழாய் என்று எந்த நிலையத்திலும் ஏதாவது இருக்கலாம். அதனால் ஏழாம் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். பிரசவ அறையைக் காட்டச் சொல்லுங்கள். இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டரிடம் நேரில் பேசுங்கள். "சிஸ்டர், வலி நேரத்துல நடக்கலாமா? எங்க அம்மா கூட இருக்கலாமா? மல்லாக்கப் படுக்காம பெத்துக்கலாமா?" என்று கேளுங்கள். பிரசவ நேரத்தில் பெண் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் 2004 முதலே நடைமுறை. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

இன்னொன்று. ரங்கசாமி இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்த 1996-2006 காலத்தில் குத்தம்பாக்கத்தின் பேர் நாடு முழுக்கத் தெரிந்ததற்குக் கிராம சபையும் ஒரு காரணம். சாலைக்கும் குடிநீருக்கும் அங்கே கை தூக்குகிற நாம், பிரசவ அறையில் ஒரு திரைச்சீலை, இரவில் ஒரு செவிலியர், வெந்நீர் என்று கேட்டதுண்டா? ஆண்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்றால் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

யார் முயலலாம்

இதில் நான் கறார். பின்வருவதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மருத்துவமனைக்கு வெளியே என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

ஒற்றைக் குழந்தை, தலை கீழே. 37 வாரம் நிறைந்திருக்க வேண்டும், 41 தாண்டியிருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே. ஹீமோகுளோபின் 11 அல்லது அதற்கு மேல். நம் பெண்களில் பலருக்கு இங்கேயே தடுக்கிறது. எட்டில் ரத்தம் இருப்பவருக்கு, பத்திருப்பவர் தாங்கும் ரத்தப்போக்கே உயிருக்கு உலை வைத்துவிடும். நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப் பக்கம் இறங்கியிருக்கக் கூடாது. அது ஸ்கேனில்தான் தெரியும், ஆகவே ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவச்சியிடம் போகாதீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்ற இந்த எளிய முறையைப் பரப்பியவர்களில் முன்னால் நின்றவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. முன்பு சிசேரியன் ஆனவர், சென்ற பிரசவத்தில் ரத்தப்போக்கு கண்டவர், நஞ்சுக்கொடி தங்கிப் போனவர், இவர்கள் யாரும் வேண்டாம்.

தலைப்பிரசவமா? அதற்குத் தனியாகப் பேச வேண்டும். இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத 64,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2011-ல் வெளியானது. வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட முதல்முறைத் தாய்மாரில் 45 சதவீதம் பேரை நடுவிலோ பிரசவம் முடிந்தவுடனோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தது. இரண்டாவது, மூன்றாவது பிரசவமென்றால் 12 சதவீதம்தான். முதல்முறைத் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு நேர்ந்தது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அடுத்த பிரசவங்களில் அந்த வித்தியாசம் இல்லை. மருத்துவச்சிகள் நடத்தும் தனிப் பிரசவ இல்லங்களில் முதல் பிரசவத்துக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்தில் மருத்துவச்சி அரசு ஊழியர், ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் அதே அமைப்பின் கைகள். எல்லாம் கைகோத்து நிற்கும் நாட்டிலேயே தலைப்பிரசவத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் இடம் மாறுகிறார்கள் என்றால், பெங்களூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அதைச் செய்வதை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் முடிவு. இரண்டாவது பிரசவம், முதலாவது சுகமாக முடிந்திருந்தது, மேலே சொன்ன எல்லாம் சரி என்றால் பேசலாம்.

மருத்துவச்சியிடம் கேட்க வேண்டியவை

பதிவு எண் என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் தனியாக ஒரு பிரசவ இல்லம் நடத்துகிறார் என்றால் அது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். "டூலா" என்று அறிமுகம் செய்துகொள்கிறவர்கள் ஆறுதலுக்கும் துணைக்கும் நல்லவர்கள், பிரசவம் பார்ப்பவர்கள் அல்ல. இந்த வேறுபாட்டை அவர்களே சொல்லிவிட்டால் நம்பலாம்.

பிறகு பேச்சை வேறு பக்கம் கொண்டுபோங்கள். "அக்கா, இந்த வருஷம் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு மாத்தி அனுப்பினீங்க?" என்று கேளுங்கள். "ஒருத்தரையும் இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் அவர் பார்த்தது மிகக் குறைவு, அல்லது அனுப்ப வேண்டியவர்களையும் அனுப்பவில்லை. நல்ல மருத்துவச்சி எப்போது, எதற்காக மாற்றினேன் என்று தடுமாறாமல் சொல்வார். "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தா நீங்களே வருவீங்களா, வேற யாரையாச்சும் அனுப்புவீங்களா?" "அன்னிக்கே இன்னொருத்தருக்கும் வலி எடுத்தா?" இவையும் கேட்க வேண்டியவை. பிரசவத்துக்குப் பயிற்சி பெற்றவர் இரண்டு பேர் வேண்டும். தாய்க்கு ரத்தம் போகும்போது குழந்தையும் மூச்சு விடாமல் இருந்தால் ஒருவருக்கு இரண்டு கைதான்.

பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதயத் துடிப்புக் கேட்கும் டாப்ளர் கருவி. வலி ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறை, முக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும், நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது சரி. குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும். பிறந்த முதல் நிமிடத்துக்குள் இது வேலை செய்ய வேண்டும். ரத்த அழுத்தக் கருவி, சலைன், ஊசிகள். ஆக்ஸிடோசின் ஊசி குளிர்ச்சியில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் வந்த ஊசி பேருக்குத்தான் ஊசி. எதில் வைத்து எடுத்து வருகிறார் என்று பாருங்கள்.

அந்த ஒரு ஊசி

இயற்கைப் பிரசவம் விரும்புகிறவர்களிடம் நான் அதிகம் வாதாடியது இதற்காகத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரசவ வலியின்போது ஏற்றும் வலி ஊசியும், குழந்தை பிறந்தபின் தொடையில் போடும் ஊசியும் ஒரே மருந்து. முதலாவதைக் காரணமின்றிப் போடுவதை எதிர்க்கலாம், எதிர்க்க வேண்டும். 1995 வாக்கில் சென்னையிலும் காணத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், இங்குள்ள பெண்கள் பலர் தாங்களே வலி ஊசியைக் கேட்டு வாங்கியதையும், கேட்காமலே போடப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். இழுத்தடிக்காமல் சீக்கிரம் முடியட்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. இரண்டாவது ஊசி வேறு கதை. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். மூடாதபோது, கவனிக்காமல் விட்டால், உயிர் போகச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான். யாருக்கு மூடாது என்று முன்கூட்டி அடையாளம் காண வழியில்லை. எல்லாச் சோதனையும் சரியாக இருந்த பெண்ணுக்கும் நேரலாம். அதனால்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் எல்லாத் தாய்க்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "எல்லாம் இயற்கையா நடக்கட்டும், இந்த ஊசி மட்டும் எதுக்கு?" என்று கேட்கும் பெண்ணுக்கு என் பதில்: மற்ற எல்லாம் இயற்கையாக நடக்க அனுமதிப்பதே இந்த ஊசி கையில் இருப்பதால்தான்.

ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். துணியில் ஊறியது, வாளியில் விழுந்தது, தரையில் கழுவியது எல்லாம் சேர்ந்து பாதியாகத்தான் தெரியும். நைஜீரியா, கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் நடந்து 2023-ல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. உங்கள் மருத்துவச்சியிடம் அந்த விரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டாருக்கு ஒரு எளிய அளவு: ஒரு பேடு ஐந்து நிமிடத்துக்குள் நனைந்துவிட்டால் அது சாதாரணப் போக்கு இல்லை, உடனே 108.

நஞ்சுக்கொடியைக் குழந்தையோடு சேர்த்தே சில நாள் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றும் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. அதனால் குழந்தைக்குக் கிடைப்பது எதுவும் இல்லை, கிருமித் தொற்று ஆபத்துதான் மிஞ்சும். தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டுங்கள் என்று கேளுங்கள்; குழந்தைக்கு ரத்தமும் இரும்புச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு மேல் தேவையில்லை.

வழி

இப்போது நிஜமான கணக்கு. இரண்டு மணி நேரம் என்றேன். ரத்தம் அதிகம் என்று புரிந்துகொள்ள எடுக்கும் நேரம், கூப்பிட்ட வண்டி வாசலுக்கு வரும் நேரம், ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றும் நேரம், சாலை, போன இடத்தில் டாக்டர் பார்த்து ரத்தம் ஏற்றும் நேரம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை எட்டரைக்கும், இன்னொரு நாள் நள்ளிரவுக்கும் வண்டியில் போய்ப் பாருங்கள். திருமழிசை சிட்கோவுக்கும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்த நெடுஞ்சாலை வேறு ஊர்.

எங்கே போவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். அருகில் இருப்பதே சரியான இடம் என்று இல்லை. இரவிலும் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு நான்கும் இருக்கும் இடம் வேண்டும். அரசில் இதற்கு சீமாங் மையம் என்று பெயர். நம் மாவட்டத்தில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னைப் பக்கம் கீழ்ப்பாக்கமும் எழும்பூரும். எழும்பூர் பெயருக்கு ஆசைப்பட்டு அவசரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்கக் கடக்காதீர்கள். அவசரமென்றால் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அது தனியாராக இருந்தாலும் சரி. பணத்தைப் பிறகு பார்க்கலாம். அங்கே முன்கூட்டியே ஒருமுறை புறநோயாளியாகக் காட்டி ஒரு அட்டை போட்டு வைத்திருங்கள். வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத கேஸுக்கும், பதிவேட்டில் பேர் உள்ளவருக்கும் இரவுப் பணி டாக்டர் காட்டும் முகம் வேறு.

108-ஐ மட்டும் நம்பியிருக்க வேண்டாம், தெருவில் ஒரு காரும் ஓட்டுநரும் சொல்லி வைத்திருங்கள். அவர் அந்த மாதம் இரவில் குடிக்காதவராக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள். தாயின் ரத்த வகையைச் சேர்ந்த இரண்டு பேர் தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருந்தால் வீட்டுப் பிரசவத் திட்டத்தையே கைவிடலாம். மழையில் எந்தச் சாலை எப்போது ஏரியாகும் என்று நமக்குத் தெரியும். புயல் வரும்போது சுகாதாரத் துறையே நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

மாற்றுவது என்று மருத்துவச்சி சொன்னால் வாதாட்டம் கூடாது. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே" என்று சொல்லும் உரிமை கணவருக்கோ மாமியாருக்கோ இல்லை என்பதை நல்ல நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ பனிக்குட நீர், தலைவலியோடு கண் மங்குவது, காய்ச்சல், தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் இறங்குவது, இதயத் துடிப்பு குறைந்து மீளாமல் இருப்பது, பிறந்து அரை மணிக்கு மேலும் நஞ்சுக்கொடி வராதது, இவற்றில் ஒன்று போதும் கிளம்ப.

வலி எடுத்த நாள்

சுகாதார நிலையமோ மருத்துவமனையோ எங்கே போவதாக இருந்தாலும், சூட்டு வலிக்கே ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வதுதான் பல தேவையற்ற ஊசிகளுக்கும் ஆபரேஷன்களுக்கும் தொடக்கம். கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வேகமான வலிக்கட்டம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மணிக்கு ஒரு செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் கைவிட்டது. அதுவரை, பனிக்குடம் உடையாமல், ரத்தம் படாமல், குழந்தை அசைவு நன்றாக இருந்தால், வீட்டில் இருங்கள். கஞ்சி குடியுங்கள், வெந்நீரில் குளியுங்கள், நடங்கள், தூங்க முடிந்தால் தூங்குங்கள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நிமிடம் நின்றால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவமென்றால் அதற்கு முன்பே, ஏனென்றால் அது காத்திருக்காது.

காகிதங்கள்

எங்கே பெறுவதாக இருந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளியிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம். "நான் வீட்டுல பெத்துக்கப் போறேன்" என்று அவரிடம் மறைக்காதீர்கள். அவர் திட்டுவார், டாக்டரிடம் சொல்வார், வீட்டுக்கு ஆள் வரும். வரட்டும். மறைத்தால்தான் போலீஸ் வரை போகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதில் எந்தத் தவணைக்காவது அரசு நிலையத்தில் பிரசவம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பமென்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன், முதல் நாளே, குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்து, வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும், பி.சி.ஜி., போலியோ சொட்டும் போட்டுவிடுங்கள். தாய்க்கு ரத்த வகை நெகட்டிவ், குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று எட்டாம் மாதமே கேட்டு வைத்து, இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்பதையும் மருத்துவச்சியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.